பச்சைத் தண்ணீர் இரண்டு பக்கெட்

உலகத்தில் படுக்கை போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆதிசேஷன். இன்னொருவர் மைசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்த சந்திரோதயா லாட்ஜ் தேவம்மா. ஆதிசேஷனுக்காவது காலகாலமாக ஒரே விருந்தாளி; அவரும் வாயைத் திறந்து குறை சொன்னதில்லை. தேவம்மாவுக்கு வாய்த்தவர்கள் அப்படியில்லை.

ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் மூட்டைப்பூச்சியைத் தீப்பெட்டிக்குள் பிடித்துவந்து கல்லாவில் வைத்து, "இவருகிட்டயும் வாடகை வாங்கிக்குங்க, என்னைவிட அதிகமாத் தூங்குனாரு" என்றார். சேலத்துப் புதுத் தம்பதி அரண்மனை தெரியும் என்று நம்பி ஜன்னலைத் திறந்து, பக்கத்து ஓட்டலில் அண்டா தேய்க்கிறவரின் முதுகைப் பார்த்தார்கள். ஆனால் அதே ஜவுளிக்காரர் அடுத்த முறையும் இங்கேதான் வந்தார். போன தடவை காய்ச்சலில் கிடந்தவருக்குத் தேவம்மா தன் ஸ்டவ்வில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்திருந்தாள். "பூச்சி இருந்தா இருந்துட்டுப் போவுது, அந்தம்மா இருக்குதல்ல?"

தேவம்மாவுக்கு ஊர் கொள்ளேகால் பக்கத்து ஹனூர். புருஷன் மைசூரில் கட்டட வேலைக்கு வந்தவன். சாரத்திலிருந்து விழுந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்போது அவள் தங்கியது வேறொரு லாட்ஜில். அவன் போய்விட்டான் என்று தெரிந்ததும் அந்த லாட்ஜ்காரர் அவள் மூட்டையைத் தெருவில் வைத்துவிட்டார். சாவுத் தீட்டு உள்ளே வரக்கூடாதாம். ஆண்கள் பிணத்தை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள். பிணம் போனபின் பெண்டாட்டி தலை முழுக வேண்டும். எங்கே முழுகுவாள்? முழுகாமலே கொள்ளேகால் பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்தவளின் புடவை தன்மேல் பட்டுவிடாதபடி, வழி முழுக்க ஜன்னலோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அழுததைவிட அப்படி ஒடுங்கியதுதான் அவளுக்கு உடம்பில் நின்றுபோனது.

பிறகு பிழைப்புக்காக மைசூருக்கே வந்து சந்திரோதயாவில் சேர்ந்தாள். இங்கும் தங்கியவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள். முதலாளி வேங்கடேசனுக்கும் அதே சட்டம்தான்: சாவு என்றால் சாமானோடு வெளியே. அது அவர் காதுக்குப் போனால்தானே? வெந்நீர் கேட்பவன் ஊர் சுற்றப் போகிறவன். பொழுது சாயும் நேரத்தில் பச்சைத் தண்ணீர் கேட்பவரைத் தேவம்மா ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். இரண்டு பக்கெட் நிரப்பி, ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பாள். யாராவது வந்தால், "உள்ள கூட்டிக்கிட்டிருக்கேன், அப்பறம் வாங்க" என்பாள்.

ஒரு தசராவுக்கு ஆறாம் நம்பரில் இருந்தவள் மகேஸ்வரி. அவளும் ஹனூர்ப் பக்கம்தான். புருஷன் அய்யாசாமிக்குக் கல்லீரல் கெட்டு, வயிறு பானை மாதிரி உப்பிவிட, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். லாட்ஜ் நிரம்பி வழிந்தது. வராந்தாவிலும் ஆட்கள் படுத்தார்கள். மாடித் தொட்டித் தண்ணீர் ஒரு வேளைக்குக்கூடப் போதவில்லை. தேவம்மா மட்டும் தினமும் விடியுமுன் இரண்டு பக்கெட் பிடித்து ஆறாம் நம்பர் குளியலறையில் மூடி வைத்துவிடுவாள். எதற்கென்று மகேஸ்வரியிடம் சொல்லவில்லை. அதை எந்த வாயால் சொல்வது?

தசராவின் யானை ஊர்வலமான ஜம்பு சவாரி அன்று காலையில் தேவம்மா முதலாளி மகனிடம் இட்லிப் பொட்டலம் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். பி.யு.சி.யில் கோட்டை விட்டுக் கல்லாவில் உட்கார வைக்கப்பட்டவன்; செருப்பை மாற்றி வைப்பது, ரூம் சாவிகளைக் கலைத்து மாட்டுவது என்று ஓயாத குறும்பு. இதை எழுதுகிறவனும் அவனே.

போனவன் திரும்பி வந்தான்.

"எப்படிக் கண்ணு இருக்காரு?"

"சூப்பரா இருக்காரு தேவம்மா. ரெண்டு இட்லி தின்னாரு. சட்னி காரம்னாரு."

தேவம்மா மாதேஸ்வரன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் எல்லாக் குழாயும் நின்றது. மெட்ராஸ் பாங்கு ஆபீசர் தலை நிறைய சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக வராந்தாவுக்கு வந்து, "இது லாட்ஜா, ராஜஸ்தானா?" என்று கண்ணை மூடிக்கொண்டே சுவரைத் திட்டினார். ஹூப்ளிக்காரர், "நீரு எல்லி ஸ்வாமி?" என்று கன்னடத்தில் தண்ணீர் கேட்டபடி பக்கெட்டைத் தட்டித் தாளம் போட்டார். அவர் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வேறு.

வேங்கடேசன் மேலே வந்தார். "ஆறாம் நம்பர்ல ரெண்டு பக்கெட் இருக்குதாமே. எடுத்துக் குடு."

"அது மகேஸ்வரிப் புள்ளைக்குங்க சார்."

"அது ஆஸ்பத்திரியில உக்காந்திருக்குது. இங்க வந்து இப்பவே குளிக்கப் போவுதா?"

வேறொரு நாளாக இருந்தால் கதவை மறித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஆனால் சட்னி காரம் என்று சொல்லும் மனுஷனுக்கு இப்போது என்ன வந்துவிடும்? ஒரு பக்கெட் குழந்தைக்கு, இன்னொன்று அந்த நுரைத் தலைக்கு. தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள்.

மத்தியானம் எல்லோரும் சவாரி பார்க்கப் போய்விட்டார்கள், முதலாளி உட்பட. தெருவில் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தபோது மகேஸ்வரி படியேறி வந்தாள். வந்தவள் உள்ளே நுழையாமல், சுவரில் படாமல், வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, பச்சத் தண்ணி ரெண்டு பக்கெட் வேணுங்க."

தேவம்மா ஆறாம் நம்பர்க் குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஊருக்குக் கொண்டுபோக வண்டிக்காரன் வரலைங்க. ரோடெல்லாம் மறிச்சுட்டாங்களாம். கொழுந்தனாரு இங்கயே சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. நானு..." அவள் தன் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு ஒடுங்கினாள்.

அந்த ஒடுக்கம் தேவம்மாவுக்குத் தெரிந்த ஒடுக்கம். அறை அறையாக ஓடினாள். பக்கெட்டெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஒரு சொம்பில் யாரோ பல் துலக்கிய மிச்சம் இருந்தது. அடியில் ஒரு குடமாவது தேறாதா என்று மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியின் மூடியைத் தள்ளினாள்.

பாதித் தொட்டி தண்ணீர் அசையாமல் நின்றது. தொட்டிக்கு அடியில், கீழ்க் குழாய்களுக்குப் போகும் வால்வு இறுக்கி மூடப்பட்டிருந்தது.

அவள் அதைத் திறக்கவில்லை. திறந்தால் வருகிறவர்கள் தீர்த்துவிடுவார்கள். பக்கெட்டில் மொண்டு மொண்டு தூக்கிக்கொண்டு இறங்கினாள். மஞ்சள் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே உள்ளே ஒரு கேவல் எழுந்தது. பாண்டுக்காரர்கள் இன்னும் உரக்க வாசித்தார்கள். தேவம்மா கதவில் நெற்றியை வைத்து, "ஊத்திக்கம்மா, நல்லா ஊத்திக்க. தண்ணி நெறைய இருக்குது" என்றாள். அவள் முகத்திலும் தண்ணீர்தான். பக்கெட் தளும்பியது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு நனைந்த புடவையோடு கல்லாவுக்கு வந்தாள்.

"மாடி வால்வை மூடுனது ஆரு?"

"எலி."

"எலி திருகுமா?"

"மைசூர் எலி படிச்ச எலி தேவம்மா."

அவள் சிரிக்கவில்லை.

"சரி, நாந்தான். ஒரு விளையாட்டுக்கு. அந்த மெட்ராஸ்காரர் சோப்போட ஆடுறதப் பாக்கலாம்னு."

"அவரு ஆடுனது காத்தால. இன்னமும் ஏன் தொறக்கல?"

"மறந்துட்டேன்."

தேவம்மா கல்லா மேசைமேல் இரண்டு ஈரக் கைகளையும் ஊன்றிக் குனிந்து, அவன் மறுபக்கம் திருப்பிக்கொண்ட முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு இட்லி தின்னாரு, சட்னி காரம்னாருன்னு சொன்னியே கண்ணு. அப்பறம் ஆருக்கு அந்தத் தண்ணிய எடுத்து வெச்ச?"