அண்ணி உமிழ்வைக் குறைத்த கதை

முப்பத்தெட்டு வயதில் அண்ணி மறுபடியும் கல்லூரிக்குக் கிளம்பினாள். அதுவரை ஒரு கட்டட நிறுவனத்தில், அடுத்தவர்கள் யோசித்ததைப் படமாக வரைந்து கொடுப்பதுதான் அவள் வேலை. வெயில் நேராக விழும் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொல்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் பொருமுவாள். "அதுக்குள்ள மனுஷன் இருக்க முடியாது. துணிதான் காயப்போடலாம்."

நாத்தனார் என்ற முறையில் நான் அவளைக் குத்திக்காட்டியிருக்க வேண்டும். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. "பேசாம நீங்களே படிச்சு நீங்களே யோசிங்க" என்று ஏற்றிவிட்டதே நான்தான்.

அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவர் என் அப்பா. எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் வேரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். படிப்பின் பெயர் 'குறைந்த உமிழ்வுக் கட்டட வடிவமைப்பு' என்று அண்ணி சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உமிழ்வா?"

"ஆமா மாமா. முதுகலை."

"நல்ல படிப்பு. நம்ம கட்டடத்துக்கு ரொம்ப அவசியம்."

அப்பா வாயிலிருந்து பாராட்டு வந்ததே பெரிது என்று யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டோம்.

கடைசி வருடம் ஒரு பழைய கட்டடத்தை எடுத்து, அதை இடிக்காமல் சூட்டையும் மின்செலவையும் குறைத்துக் காட்ட வேண்டும். அண்ணி நாங்கள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தையே தேர்ந்தெடுத்தாள். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, மேற்கு சன்னல்களுக்கு நிழல் தட்டி, புறாத் தொல்லை என்று பலகையடித்து மூடிய படிக்கட்டுச் சன்னல்களைத் திறந்து வலை கட்டுவது என்று திட்டம் போட்டாள். குடியிருப்பவர்கள் சம்மதிக்காவிட்டால் திட்டம் அம்போ. அலுவலகம் கொடுத்த விடுப்பும் அந்த வருடத்தோடு முடிகிறது. அப்புறம் பழையபடி கண்ணாடிச் சுவர்தான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அப்பா. வீடு வீடாக ஏறி இறங்கி, "மருமக உமிழ்வைக் குறைக்கப் போறா, எல்லாரும் வந்துடுங்க" என்று அழைத்தார். கூட்டத்துக்கு வராதவர் இல்லை. அண்ணி ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. நாட்டில் இத்தனை பேருக்குச் சூழல் அக்கறையா என்று அவள் கண் கலங்கியது.

"ரொம்ப நாளா தலைபாடா அடிச்சுக்கறேன்மா. யார் கேக்கறா?" என்றார் மேல்மாடி டீச்சர். "கேமரா வைப்பியா?"

"கேமரா வேணாம் டீச்சர். மாடிக்கு ஒரு கருவி போதும். எந்த வீட்டுல எவ்வளவு வருதுன்னு சொல்லிடும்."

பாதிக் கை மட்டும் தூக்கியிருந்த என் அண்ணன் எச்சில் விழுங்கினான். "தனித்தனியாவா?"

"ஆமா. வருஷத்துக்கு எத்தனை டன்னுகூட சொல்லலாம்."

"டன்னா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாரும் எடுத்துக்கொண்டது உமிழ்நீரில் வருகிற அந்த உமிழ்வை, அதாவது துப்புவதை. எங்கள் இருட்டுப் படிக்கட்டின் மூலைகள் இருந்த லட்சணம் ஊருக்கே தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு அண்ணியின் காதில் சொன்னேன். "மூச்சு விடாதீங்க அண்ணி. கை தூக்கியாச்சு, அவ்வளவுதான்."

அவள் ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தாள். அப்புறம் உண்மையைச் சொல்லிவிட்டாள். "நான் சொல்றது துப்பறதை இல்லைங்க. நாம எரிக்கிற கரண்டுக்கும், கொட்டுற சிமெண்டுக்கும் பின்னாடி வர்ற புகையை." கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அண்ணன் கைதான் முதலில் இறங்கியது. அப்பா முகத்தை நிமிர்த்தவே இல்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"அப்போ துப்பறதுக்கு வழியே இல்லையா?" என்றார் டீச்சர், நொந்து போய்.

"இருக்கு டீச்சர். இருட்டா இருக்கறதாலதானே துப்பறாங்க? படிக்கட்டுச் சன்னலைத் திறந்தா வெளிச்சம் வரும், காத்தும் வரும். பட்டப்பகல் மாதிரி இருக்கற இடத்துல துப்ப யாருக்கு மனசு வரும்? அந்தச் சன்னலைத் திறக்கறதுக்குத்தான் நான் கேக்கறேன்."

சொல்லிவிட்டு அவள் யதேச்சையாக அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் முழுக் கையையும் தூக்கினான். மற்றவர்களும் தூக்க, டீச்சர் ரெண்டு கையையும் தூக்கினார்.

வேலைகள் நடந்து, கோடையும் முடிந்த பிறகு கல்லூரியிலிருந்து தேர்வாளர் நேரில் பார்க்க வந்தார். அண்ணி கதவைத் திறப்பதற்குள் படியிலேயே அப்பா அவரைப் பிடித்துக்கொண்டார். உமிழ்வு எவ்வளவு குறைந்தது என்று அவர் பேச்சுக்குக் கேட்க, "சுத்தமா நின்னு போச்சுங்க" என்றார் அப்பா. எத்தனை விளக்கினாலும் அவருக்கு உமிழ்வு என்றால் துப்புவதுதான்.

"சுத்தமாவா? உலகத்துல எங்கயும் அப்படி நடந்ததில்லையே."

"சந்தேகம்னா படியில உக்காந்து பாருங்க. சட்டையில ஒரு பொட்டு ஒட்டாது."

பதறி ஓடிவந்த அண்ணி முழுக் கதையையும் சொன்னாள். மின்செலவில்தான் குறைவு, அதுவும் மூன்றில் ஒரு பங்கு என்று திருத்தினாள். தேர்வாளர் சிரித்துச் சிரித்து நிஜமாகவே படியில் உட்கார்ந்துவிட்டார். சன்னல் வழியே காற்று வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மிச்சக் கேள்விகளை அங்கேயே கேட்டார். அண்ணி தேறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் இறங்கி வந்தபோது அப்பா அதே படியில் அண்ணியோடு உட்கார்ந்திருந்தார். "அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் உண்டுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லியிருந்தா நீங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்திருப்பீங்களா மாமா?"

"புகைக்கா? கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்" என்றார் அப்பா. பிறகு நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.