ஒரு மடக்குத் தண்ணீர்

நாய் ஊளையிட்டதென்று ஓர் ஆள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பானா? இருப்பான். எங்கள் காம்பவுண்டில் இருந்தான். அதற்குத் தண்டனை அவனுக்கில்லை, என் நாய்க்கு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் காம்பவுண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒரே கேட், உள்ளே எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு சந்து, சந்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். எதிர்வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் நான் தும்முவேன். அவ்வளவு நெருக்கம்.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஏறினால் முக்கால் வருஷம் இறங்கமாட்டார். மகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். போன தடவை கப்பலேறும் முன்னால், எங்கிருந்தோ ஒரு குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டுவந்து என் மடியில் போட்டார். “ஒனக்குத் தொணைக்கு” என்றார். செவலை நிறம், நாட்டு நாய். பெயரெல்லாம் வைக்கவில்லை. ‘ஏலே’ என்றால் வருவான். ராத்திரி கதவோடு முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்வான். அவன் வந்த பிறகுதான் நான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் பழகினேன்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். மணிச் சத்தம் கேட்டால் கழுத்தை மேலே தூக்கி ஊளையிடுவான். மாதா கோயில் மணி மத்தியானம் அடித்தாலும் சரி, சாயங்காலம் அடித்தாலும் சரி, கூடவே இவனும் ஆரம்பித்துவிடுவான். பிள்ளைகள் சிரிக்கும். அதுவரைக்கும் யாருக்கும் அது தொந்தரவாகப் படவில்லை.

வினை எதிர்வீட்டுத் தம்பியின் போனில் இருந்தது. அவன் விசைப்படகில் வேலை பார்க்கிறவன். விடியுமுன் படகு டிரைவர் கூப்பிடுவார். அந்தப் போனில் அவன் வைத்திருந்ததும் கோயில் மணிச் சத்தம்தான். போன் அடிக்கும், என் நாய் ஊளையிடும், அவன் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறபோது ஊளை உச்சத்தில் இருக்கும். வெளியே கிளம்புகிற நேரத்தில் நாய் ஊளையிட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனசு கேட்காது. ஆற்றங்கரையில் நெல் விதைக்கிற என் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். சகுனம் தடுத்துவிட்டது என்று திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, கொஞ்சம் பொறுத்துத்தான் கிளம்புவார்கள். வயலுக்குப் போகிறவன் உட்காரலாம். வயல் எங்கேயும் போய்விடாது. படகு போய்விடுமே!

விசைப்படகெல்லாம் விடிகாலையில் ஒன்றாகக் கிளம்பி ராத்திரிக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும். ஓர் ஆளுக்காக டிரைவர் நிற்கமாட்டார். ஆள் வரவில்லையா, படகு கட்டுகிற பாலத்தில் சும்மா நிற்கிற இன்னொருவனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அன்றைய பங்கு போச்சு. எதிர்வீட்டுத் தம்பி வாசல்படியில் செம்பும் கையுமாக உட்காருவான். சில நாள் ஓடிப்போய் ஏறிவிடுவான். பல நாள் போன வேகத்தில் திரும்பி வந்துவிடுவான்.

அவன் பெஞ்சாதி என்னைவிட ரொம்பச் சின்னவள். வாய் மட்டும் பெரிசு. குழாயடியில் எல்லோரும் கேட்கத்தான் ஆரம்பிப்பாள்.

“ஏங்கா, ஒங்க நாய் வாயக் கட்டி வைக்க மாட்டியளா? எங்க வீட்டு மனுசன் கடலுக்குப் போறவரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவிய?”

“ஏளா, நாய் ஊளையிட்டா ஒன் புருசன யாரு உக்காரச் சொன்னா? காத அடைச்சிக்கிட்டுப் போவ வேண்டியதுதான?”

“ஒங்களுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? நீங்க ஆத்தங்கரைக்காரிய!”

எனக்குச் சுருக்கென்றது. என் புருஷன் மட்டும் என்ன, குளத்திலா கப்பல் ஓட்டுகிறார்? அன்றைக்குக் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நானும் செய்யாத வித்தையில்லை. ஜன்னலுக்குச் சாக்கு தொங்கவிட்டேன். அலாரம் வைத்து எழுந்து, அவன் போன் அடிக்கும் முன்னாலேயே நாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பொத்தின கைக்குள்ளேயே ஊளையிட்டான் பாவி. பிறகுதான் எனக்கு உறைத்தது, மணிச் சத்தத்தை மாற்றிவிட்டால் கதை முடிந்தது என்று. தம்பியைக் கேட் பக்கம் பிடித்தேன்.

“தம்பி, அந்த போன் சத்தத்த மட்டும் மாத்திருங்க. வேற எந்தப் பாட்டுக்கும் இவன் வாயத் தொறக்க மாட்டான்.”

“மாத்திருதேன் அக்கா” என்றான் தலையைக் குனிந்துகொண்டு. மாற்றவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் “மாத்திருதேன்.” மூன்றாவது தடவை அவன் வாசலில் வைத்துக் கேட்டபோது அவன் பெஞ்சாதி உள்ளேயிருந்து குதியாய்க் குதித்து வந்தாள். “மாதாவே! ஒரு நாய்க்காவ கோயில் மணிய மாத்தச் சொல்லுதாவளே!” என்று காம்பவுண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவனோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியும் ஒரு மனுஷனா என்று இருந்தது எனக்கு.

கடைசியில் டிரைவர் ‘இப்படியே வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன்’ என்று சொல்லிவிட்டாராம். அவள் அழுதுகொண்டு காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான அண்ணாச்சியிடம் போய்விட்டாள். அண்ணாச்சிக்குத் தெருமுனையில் பலசரக்குக் கடை. என்னைக் கடைக்கு வரச் சொல்லி, பருப்பு நிறுத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“நீங்க சொல்லுதது நியாயந்தாம்மா. நாய்க்கு என்ன தெரியும்? ஆனா ஒரு குடும்பத்துப் பொழப்புல்லா. நாய் இருக்கணும்னா நீங்க வேற வீடு பாத்துக்கிடுங்க.”

“நியாயம்னு நீங்களே சொல்லுதிய, பொறவு என்ன அண்ணாச்சி?”

“நியாயம் வேற, காம்பவுண்டு வேறம்மா” என்றார். ஒற்றைப் பொம்பளை இந்த ஊரில் அவசரத்துக்கு எங்கே போய் வீடு தேடுவது? அப்படியே கிடைத்தாலும் நாயென்றால் எவன் கொடுப்பான்?

பக்கத்தில் புதுக்கோட்டை என்கிற சின்ன ஊரில் என் தங்கச்சிக்குச் சொந்த வீடு, சுற்றிலும் கொஞ்சம் இடம் உண்டு. டவுன் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று ஆட்டோ பிடித்தேன். ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். தங்கச்சி வீட்டு வேப்பமரத்தில் கட்டிவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ரோட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. அதிலும் ஆத்திரம்தான் பாதி.

அன்று ராத்திரி விளக்கை அணைக்கவில்லை. தூங்கவும் இல்லை. விடியுமுன் எதிர்வீட்டில் மணி அடித்தது. இங்கே ஊளை இல்லை. சரி, இனி இவன் மகாராஜாவாகப் போகட்டும் என்று ஜன்னல் வழியே பார்த்தேன். தம்பி பையோடு வெளியே வந்தான். கதவைச் சாத்தினான். சந்தில் இறங்கி என் வாசலைப் பார்த்தான். பிறகு திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தான். கையில் செம்பு.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு போய் நின்றேன்.

“நாயத்தான் அனுப்பியாச்சே தம்பி! இன்னும் என்னத்துக்கு உக்காந்திருக்கிய?”

“சத்தம் போடாதிய அக்கா” என்றான். சாத்திய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போன மொத வாரம், வலை இழுக்கையில கடல்ல விழுந்துட்டேன். யாரும் பாக்கல. படகு அது பாட்டுக்குப் போவுது. நான் கத்துதேன், எஞ்சின் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்கல. ரொம்பப் பொறவுதான் ஆளக் காணும்னு திருப்பிக்கிட்டு வந்து தூக்குனாவ. வீட்டுல சொல்லாதியன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னையிலேருந்து படகுல கால வைக்கணும்னா ஈரக்கொல நடுங்குதுக்கா.”

“அவகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“அவ அப்பா, அண்ணன் எல்லாம் கடலுக்குப் போறவுக. கடலுக்குப் பயந்தவன்னு தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ முன்னால நிப்பேன்?”

“அப்ப அந்த போன் சத்தம்?”

“அத மாத்திட்டா, ஒங்க நாய் ஊளையிடாதுல்லா அக்கா” என்றான்.

அடப்பாவி! குழாயடியில் நான் வாங்கிய ஏச்சென்ன, பேச்சென்ன! அண்ணாச்சி கடையில் நாலு பேர் முன்னால் நின்றதென்ன! அவனை அப்படியே செம்போடு சேர்த்து உலுக்க வேண்டும் போலிருந்தது. “நானே அவகிட்ட சொல்லிருதேன் அக்கா, ஒங்க நாயத் திரும்பக் கூட்டிட்டு வரலாம்” என்றான். போனை மாற்றுகிறேன் என்று சொன்ன அதே குரல். நான் உள்ளே போய்க் கதவை அடைத்தேன்.

அவன் சொல்லவில்லை. நாலைந்து நாள் கழித்துக் குழாயடியில் அவளே ஆரம்பித்தாள். இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. கண் வீங்கியிருந்தது.

“நாய் போயும் அதோட தோசம் போவலியே அக்கா. நேத்தும் உக்காந்துட்டாவ. அப்பிடி என்ன ஊளைதான் இட்டுச்சோ, அவுக மனசுலயே நின்னுபோச்சு.”

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். சொல்ல வேண்டியது எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். சாயங்காலமே ஆட்டோ பிடித்து என் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், ஒரு பயல் கேட்க முடியாது. எதிர்வாசலில் அவன் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். உதட்டிலிருந்து குச்சியை எடுக்கவும் மறந்துபோய்ப் பார்த்தான்.

“ஆமாளா” என்றேன். “என் நாய் வாயி அப்பிடித்தான்.”

“இப்பவாது ஒத்துக்கிட்டியளே” என்று அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு குடத்தைத் தூக்கினாள். என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தி குழாயை அடைத்தாள்.

கப்பல் நடுக்கடலில் இருந்ததால் என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில் வழக்கம்போல “ஏலே!” என்றார், நாய்க்குக் கேட்கட்டும் என்று. நாயைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். ஊளையிட்டது, எதிர்வீட்டுக்காரர் சகுனம் பார்த்தார் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் இவரிடம் சொன்னால் கப்பல் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், ஊருக்கு வந்தால் தெருவுக்கும் சொல்லுவார். என் மேல் பாய்ந்தார்.

“எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி ஊளைக்குப் பயந்து வீட்டுல இருந்தா, அதுக்கு நம்ம நாய அனுப்பிருவியா? கூறு இருக்கா ஒனக்கு?”

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பீறிக்கொண்டு வந்தது.

“இத்தன வருசமா கடல்ல போறியளே, ஒங்களுக்கு ஒரு நாளாவது பயம் வந்ததில்லையா?” என்று கத்திவிட்டேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. கப்பல் எஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து, “அது அங்கன ஒழுங்காச் சாப்புடுதா?” என்று கேட்டார்.