கருப்பட்டி என்று எழுதிய பேட்டரி

தை பிறந்ததும் சிங்காநல்லூரிலிருந்து ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு நானும் என் சம்பந்தி மாரிமுத்துவும் நடந்தே போகப் போகிறோம். பெரிய சாலையில் அல்ல. மேற்கே சுற்றி, மலையடிவாரத்துக் கிராமங்கள் வழியாக, நான்கு நாள் நடை. என்னென்ன எடுத்துப் போவது என்று தெரிந்துகொள்ள, போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஒத்திகை நடை போய்வந்தோம். எங்களைப் போல் கிளம்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்த ஒரு பத்திக்கே ஒரு சாயங்காலம் ஆகிவிட்டது. நீங்களும் மெதுவாகப் படியுங்கள், சரியாகப் போகும்.

போவதா வேண்டாமா என்பது என் வீட்டுக்காரி பழனாத்தா கையில் இருந்தது. போன வருடம் கோயிலுக்கு நடந்தபோது வெயிலில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கறேன் பழனா, இப்பத்தான் டீ குடிச்சேன்" என்றேன். அதை அவள் இன்னும் மறக்கவில்லை. இந்த முறை போகும் வழியில் பாதி இடத்தில் போனும் எடுக்காது. அப்போதுதான் சம்பந்தி தன் ஹாம் ரேடியோவைப் பற்றிச் சொன்னார்.

அவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டு மொட்டை மாடியில் கம்பி கட்டி ஊர் ஊராகப் பேசுவார். அவர் மனைவி சாவித்திரி அம்மாவுக்கும் உரிமம் உண்டு. டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, மரத்தில் கட்ட இருபது மீட்டர் கம்பி, அவ்வளவுதான். உரிமம் இல்லாதவன் அதில் பேசக் கூடாது என்பதால் நான் கம்பி கட்டுகிற ஆள்.

பழனாத்தா தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குச் சாவித்திரி ஊட்டுல உக்காந்திருப்பேன். பதினொன்றரைக்குள்ள சேதி வந்தா ஆனைமலை. வரலீன்னா பஸ்ல போய்ச் சாமி கும்புட்டுட்டு வாங்க."

சனிக்கிழமை இரவு சம்பந்தி எங்கள் வீட்டில் தங்கினார். சாமான்களைப் பாயில் பரப்பினோம். ரேடியோப் பெட்டி, கம்பிச் சுருள், நைலான் கயிறு, டார்ச், கட்டுச்சோறு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கொப்புளத்துக்கு மருந்து. எழுதத் தெரிந்த சந்தோஷத்தில் ஒவ்வொரு பையின் மேலும் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினேன். தண்ணீர் பாட்டிலில்கூட 'தண்ணீர்' என்று ஒட்டினேன்.

எல்லாவற்றிலும் கனம் பேட்டரிதான். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்குமே, அந்த மாதிரி. இரண்டரைக் கிலோ. அதைத் தன் பையில் வைத்துக்கொண்டு சம்பந்தி தூங்கப் போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பெண் கொடுத்தவர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு நான் கை வீசி நடப்பதா? அதுவும் மில்லில் முப்பது வருடம் பஞ்சு பேல் தூக்கியவன்! விடிவதற்கு முன் எழுந்து பேட்டரியை எடுத்து என் பையில் வைத்தேன். கனம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார் என்று அவர் பையில் இரண்டு தேங்காயைத் துண்டில் சுற்றி வைத்தேன். என் பையை எட்டிப் பார்த்தாலும் தெரியக் கூடாது என்று பேட்டரியை ஒரு மஞ்சள் பையில் போட்டு இறுகக் கட்டி, 'கருப்பட்டி' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஆறு மணிக்குச் சிங்காநல்லூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறி, ஏழே முக்காலுக்கு ஆலாந்துறையில் இறங்கினோம். போக வர இரண்டு பேருக்கும் நூறு ரூபாய் இருந்தால் தாராளம். ஒரு டீக்கடையில் டீ குடித்தோம். நான் முகம் கழுவி வந்ததும் நடையைத் தொடங்கினோம்.

அன்று நான் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்! பை இறகு மாதிரி இருந்தது. பழைய தெம்பு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். "ஆனைமலை என்னங்க சம்பந்தி, பழனி வரைக்குமே போலாமுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே வந்தார். பாக்குத் தோப்புகளைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் போனில் கோடுகள் மறைந்தன. மணி பத்தரை. நல்ல புளியமரமாகப் பார்த்து, கயிற்றில் கல்லைக் கட்டி வீசினேன். நான்காவது வீச்சில் கிளையில் விழுந்தது. கம்பியை மேலே இழுத்துக் கட்டினேன்.

சம்பந்தி தன் பையில் கை விட்டார். தேங்காய் வந்தது. மறுபடி விட்டார். இன்னொரு தேங்காய்.

"பேட்டரி எங்கிட்டத்தான் இருக்குதுங்க" என்று பெருமையாகச் சொல்லி என் பையைத் திறந்தேன். மஞ்சள் பையைக் காணோம்.

"ஏனுங்க, இதுல ஒரு கருப்பட்டிப் பை இருந்துச்சே?"

சம்பந்தியின் முகம் வெளுத்தது. "மாப்பிள்ளை ஊட்டுக்காரரு இத்தனை கருப்பட்டியச் செமக்கறாரே, கேட்டாச் சங்கடப்படுவாருன்னு, நீங்க மூஞ்சி கழுவப் போனப்ப டீக்கடையில குடுத்து வெச்சுப்போட்டேனுங்க."

சம்பந்தியை எப்படித் திட்டுவது? மணி பத்தே முக்கால். டீக்கடைக்குத் திரும்பி நடந்தால் இரண்டு மணி நேரம். ஆனைமலைக்குப் பஸ்ஸில் போய் இறங்குவது என் கண்ணில் தெரிந்தது.

பதினொன்று பத்துக்கு இளநீர் ஏற்றிய ஆட்டோ ஒன்று வந்தது. நடு ரோட்டில் நின்று கையை விரித்தேன். டிரைவர் கம்பியையும் எங்களையும் தேங்காய்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க? ஏதாச்சும் பூசைங்களா?"

"உங்க பேட்டரி பத்து நிமிசம் வேணுமுங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

"ஊட்டுக்காரிக்குச் சேதி சொல்லோணும்."

"அதைய மொதல்லயே சொல்றதில்லீங்களா!" என்று இறங்கி வந்தார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கும்.

ஆட்டோ பேட்டரியில் ரேடியோ ஒயரின் கிளிப்பை மாட்டினோம். சம்பந்தி தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாவது தடவை, இரைச்சலுக்கு நடுவில் சாவித்திரி அம்மாவின் குரல் கேட்டது. மணி பதினொன்று இருபத்திரண்டு. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"எல்லாம் நல்லபடியா இருக்குதுங்களான்னு சம்பந்தியம்மா கேக்கறாங்க. ஓவர்."

"எல்லாம் ரொம்ப நல்லபடியா இருக்குதுங்க. ஒரு கொறையும் இல்லீங்க. ஓவர்" என்று சம்பந்தி தன் முறையை முடித்தார்.

பதில் வந்தபோது சாவித்திரி அம்மாவின் பின்னால் பழனாத்தா கத்துவதும் சேர்ந்து கேட்டது. "ஒரு கொறையும் இல்லீன்னா அது பொய்யுங்களாமா. போன வருசமும் இப்படித்தான் சொன்னாருங்களாமா. கெளம்பி ஊட்டுக்கு வரச் சொல்றாங்க. ஓவர்."

சம்பந்தி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. எட்டு வருட மரியாதை. "சொல்லுங்க சம்பந்தி, இருக்கறதச் சொல்லிப்போடுங்க" என்று கும்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க ஊட்டுக்காரரு பேட்டரி மேல கருப்பட்டின்னு எழுதிப்போட்டாருங்க. அதைய நான் டீக்கடையில உட்டுப்போட்டேனுங்க. இப்ப எளநி வண்டி பேட்டரியில பேசறமுங்க. சம்பந்திக்குக் கால்ல ஒரு கொப்புளமுங்க. ஓவர்."

அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் சிரித்தது ரேடியோவில் வெடி வெடித்த மாதிரி கேட்டது. பிறகு சாவித்திரி அம்மா மூச்சு வாங்கச் சொன்னார். "இப்பத்தான் நம்பிக்கை வந்துச்சாமா. ஆனைமலைக்குப் போலாமாமா. ஓவர்."

டிரைவர் ஆளுக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "இதுக்கு மேல எனக்கென்னங்க வேணும்" என்றார்.

திரும்பும்போது டீக்கடைக்காரர் மஞ்சள் பையை நீட்டினார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. காப்பிக்குத் துளி ஒடைச்சுக்கலாமுன்னு இப்பத்தான் சுத்தியலை எடுத்தேனுங்க."

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரேடியோவுக்கு உரிமம் இல்லாமல் கை வைக்காதீர்கள். கயிறு கம்பியைவிட நீளமாக இருக்கட்டும். மரம் நாம் நினைப்பதைவிட உயரம். கிளிப் வைத்த ஒயர் கட்டாயம். லாரி, பஸ் தவிர எந்த வண்டியிலும் மாட்டலாம். மலையடிவாரத்தில் நான்கு மணிக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள்; அதற்கு மேல் அந்த ரோடு யானைகளுக்கு. தேங்காய் வேண்டாம். யார் எதைச் சுமப்பது என்பதை முதல் நாளே உரக்கப் பேசி முடித்துவிடுங்கள், சம்பந்தியாக இருந்தாலும்.

பேட்டரி மேல் இப்போது 'பேட்டரி' என்றுதான் எழுதியிருக்கிறேன். பழனாத்தா ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறாள். தினமும் வரும் சேதியில் அன்று நடந்த தப்பு ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் நம்ப மாட்டாளாம். நான்கு நாளைக்கு நான்கு தப்பு. அதற்கென்று தனியாக ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான் போகிறோமே.