முகம் பொருந்தவில்லை

சட்ட உதவி மையத்தின் முன்மேசையில் உட்காருகிறவருக்குச் சட்டம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பவர் அழுது முடிக்கும்வரை அவசரப்படாமல் இருக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, வீட்டில் பேச ஆள் இல்லாமல் போன பிறகு, கோவையில் நீதிமன்ற வளாகத்து மூலையொன்றில் இருக்கும் இந்த மேசைக்குத் தன்னார்வலராக வந்து சேர்ந்தேன். வருகிறவரின் குறையைக் கேட்டு எழுதி, அன்றைய பொறுப்பு வழக்கறிஞரிடம் கொடுப்பது என் வேலை. ஆரம்பத்தில் எதிராளி என்றால் ஒரு பங்காளி இருப்பார், ஒரு மாமியார் இருப்பார், வீட்டைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர் இருப்பார். இப்போது வருகிறவர்கள் கைப்பேசியை மேசைமேல் வைத்து, "இதுதானுங்க" என்கிறார்கள். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, அடுத்து ஏதோ ஒன்றை அழுத்தி, காத்திருக்கும்போது பாட்டுக் கேட்டு, பாட்டு நின்ற நொடியில் இணைப்பும் அறுந்துபோன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே வரிசையில் நிற்கிறவர்கள்தான்.

டிராக்டருக்குத் தலைக்கவசம்

அவிநாசிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் இல்லாமல் போனதற்காக அபராதம் என்று அவருக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. அதில் இருந்த வண்டி எண் அவருடைய டிராக்டருடையது. சேறு படிந்த யாரோ ஒருவரின் நம்பர் பலகையைச் சாலைக் காமிரா தப்பாகப் படித்திருக்கிறது. அவர் ஓர் அலுவலகத்துக்குப் போக, அவர்கள் இன்னோர் இடத்தைக் காட்ட, அங்கே இருந்தவர்கள் இணையத்தில் முறையிடச் சொல்ல, இணையம் அவரிடம் தலைக்கவசத்துடன் எடுத்த படத்தைக் கேட்டிருக்கிறது.

அன்று பொறுப்பில் இருந்தவர் சாதிக். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, இளம் வழக்கறிஞர், கோர்ட்டில் எவ்வளவு பணிவோ, மேசையில் அவ்வளவு கிண்டல். அவர் டிராக்டரின் படத்தையும் பதிவுச் சான்றையும் எடுத்துக்கொண்டு விவசாயியோடு நேரே போனார். அங்கே ஓர் அதிகாரி படத்தைப் பார்த்தார், சிரித்தார், அபராதத்தை நீக்கினார். கண்ணால் பார்க்க ஒருவர் கிடைத்ததும் விஷயம் முடிந்துவிட்டது. நன்றி சொல்லத் திரும்பி வந்த விவசாயி என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அபராதம் வந்ததுல இருந்து ஹெல்மெட்டு மாட்டிக்கிட்டுத்தானுங்க உழவு ஓட்டறேன். காமிரா எந்தத் தென்னை மரத்துல இருக்குதுன்னு ஆருக்குங்க தெரியும்."

சந்தனம் காயாத தலை

மகேஸ்வரி வந்தது அதற்கடுத்த வாரம். கணபதியில் குடியிருக்கும் பெண். ஸ்கூட்டரில் ஓட்டல் சாப்பாட்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். உட்கார்ந்ததும் அவிழ்த்தாள். மழித்த தலையில் சந்தனத்தின் மஞ்சள் இன்னும் மிச்சம் இருந்தது. ஆறாவது படிக்கும் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் பழனிக்கு முடி தருவதாக வேண்டியிருக்கிறாள். மகள் பிழைத்தாள். முடியைக் கொடுத்துவிட்டு மலையிறங்கி வந்தாள்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. தினமும் வண்டியை எடுக்குமுன் கைப்பேசிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். மறுநாள் காலையில் காட்டினாள். முகம் பொருந்தவில்லை என்றது. வெளிச்சத்துக்கு வந்து காட்டினாள், சிரித்துக் காட்டினாள், சிரிக்காமல் காட்டினாள். வேறு ஆளுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டதாகச் சந்தேகம் என்று சொல்லிக் கணக்கு முடக்கப்பட்டது. முடக்கியது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. இந்த வேலைக்கு முன்னால் அவள் சிங்காநல்லூரில் ஒரு மில்லில் இருந்தவள். மகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம் என்பதற்காகத்தான் மில்லை விட்டாள். கணவர் இல்லை. இப்போது மறுபடி மில்லில்தான் கேட்டிருக்கிறாள். இரவு ஷிப்டுதான் இருக்கிறதாம். பிள்ளையை யார் வீட்டில் படுக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே துப்பட்டாவைத் திரும்பக் கட்டினாள். "அந்த முருகனுக்கே என்னை அடையாளம் தெரிஞ்சுதுங்கம்மா. இந்தப் போனுக்குத் தெரியலீங்க."

பிரியா சாப்பிட்டாளா

கம்பெனியோடு பேச வழி உண்டா என்று சாதிக் கேட்டார். உண்டு. கைப்பேசியில் 'உதவி' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால், "வணக்கம், நான் பிரியா" என்று எழுத்து ஓடிவரும். பிரியா ஓர் இயந்திரம் என்பது சாதிக்குக்கும் எனக்கும் தெரிந்தது. மகேஸ்வரிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் குறையைச் சொல்கிற வழக்கம் இல்லை. அவள் பொறுமையாக எழுத்துக்கூட்டி, "ஏனுங்க பிரியா, நல்லா இருக்கீங்களா, சாப்டாச்சுங்களா" என்று அனுப்பினாள்.

கண் இமைக்கும் முன் பதில் வந்தது. பசிக்கிறதா என்று கேட்டு, பக்கத்தில் இருக்கும் ஓட்டல்களையும் பிரியாணிப் படங்களையும் பிரியா வரிசையாகக் காட்டினாள். அதில் ஒன்று, மகேஸ்வரி நாள்தோறும் பொட்டலம் வாங்கப் போய் நிற்கும் ஓட்டல். பிறகு, உங்கள் பிரச்சினை எது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னாள்: சாப்பாடு சிந்திவிட்டது, வீடு பூட்டியிருந்தது, வண்டி பஞ்சர். மொட்டை அதில் இல்லை. மகேஸ்வரி மெல்லச் சிரித்துவிட்டுப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மடங்கத் தொடங்கியிருந்தன. சாதிக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "நோட்டீஸ் அனுப்பிடலாம்மா. பிரியாவுக்கு வேண்டாம். அவளப் பெத்து ஊர்மேல உட்டாங்க பாருங்க, அவங்களுக்கு."

பட்டறைக்காரர் சொன்னது

நோட்டீஸ் முதலில் போனது அவிநாசி சாலையில் ஒரு மாடி அறைக்கு. அங்கே இப்போது நடன வகுப்பு நடக்கிறது என்று தபால் திரும்பிவந்தது. பிறகு பெங்களூர் விலாசத்துக்குப் போனது. வந்த பதில் சுருக்கமானது: மகேஸ்வரி எங்கள் ஊழியர் அல்ல, கூட்டாளி, முடக்கும் முடிவு கணினி அமைப்பால் தானாக எடுக்கப்பட்டது. இதற்குள் அவள் இரவு ஷிப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். பக்கத்து வீட்டில் படுக்கும் மகள் தூங்குவதில்லையாம். அம்மாவின் வண்டிச் சத்தம் கேட்கும்வரை விழித்திருந்துவிட்டு, பள்ளியில் தூங்குகிறதாம்.

இந்தக் கடிதத்தை நாங்கள் படித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் வேலுசாமி இருந்தார். கணபதியில் தகடு வெட்டும் பிரஸ் பட்டறை வைத்திருப்பவர். தன் சுற்றுச்சுவர் தகராறுக்காக வந்தவர். அரசாங்கம் தொட்ட தொழில் எது உருப்பட்டது என்று தானாக ஆரம்பித்தார். புதிதாக ஒருவன் ஏதாவது கண்டுபிடித்தால் உடனே ஒரு லைசென்ஸ், பின்னாலேயே ஒரு இன்ஸ்பெக்டர், தீபாவளிக்கு அவருக்கு ஒரு பலகாரப் பெட்டி. அவர் சொன்னதில் பொய் அதிகம் இல்லை. அரசாங்க நாற்காலிகளுக்குப் பரிந்து பேச எனக்கும் மனமில்லை.

சாதிக் வாதாடவில்லை. உங்கள் பிரஸ் இயந்திரத்தின் முன்னால் கம்பி வலை இருக்கிறதே, அதை யார் போட்டது என்று மட்டும் கேட்டார். தொழிற்சாலை ஆய்வாளர் கட்டாயப்படுத்திப் போட வைத்ததாம். அன்றைக்கு அவரைத் திட்டாத திட்டு இல்லையாம். அதற்கு முந்திய ஆண்டுதான் பட்டறையில் ஒருவருக்குக் கை போயிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் இயந்திரம் தன் இஷ்டத்துக்கு ஓடலாம். இந்தப் பக்கம் ஒரு கை இருக்கிறது. சட்டத்தின் இடம் அந்த இடுக்குத்தான் என்று எனக்குப் பட்டது. அதற்கு மேல் வந்தால் தொழில் நிற்கும். வராவிட்டால் கை போகும். வேலுசாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "வேகம் கொறஞ்சுதுங்க, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா சாயங்காலம் எல்லாரும் முழுசா ஊட்டுக்குப் போறாங்க."

கூண்டில்லாத அறை

சாதிக் மகேஸ்வரி பெயரில் மக்கள் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். அங்கே கூண்டு கிடையாது; ஒரு நீள மேசைதான். அங்கே பேசித்தான் முடிக்க முடியும், உத்தரவு போட முடியாது. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது தீர்ப்புக்குச் சமம். கம்பெனி வராமலே இருந்திருக்கலாம். அங்கே இருந்த நீதிபதியம்மா கம்பெனிக்கு அனுப்பிய நோட்டீசில் ஒரு வரி சேர்த்திருந்தார்: அமைப்பு முடிவெடுத்ததாகச் சொல்கிறீர்கள், அமைப்புக்காகப் பதில் சொல்லும் ஒருவரை அனுப்புங்கள். பெங்களூரிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். மரியாதையான பிள்ளை. ஒருவர் பெயரில் இன்னொருவர் ஓட்டுவது உண்மையிலேயே நடக்கிறது, கதவைத் திறக்கிற வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகத்தான் இந்தச் சோதனை என்றார். சோதனை வேண்டும் என்று மகேஸ்வரியும் தலையாட்டினாள்.

அதற்குள் அவளுக்கு முடி வளர்ந்து பையன்கள் கிராப் போல ஆகியிருந்தது. அதிகாரி அவளைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்து கணக்கைத் திறக்கச் சொன்னார், அந்த அறையிலேயே முகத்தைக் காட்டச் சொன்னார். காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. பொருந்திவிட்டது. அதிகாரிக்கு உண்மையாகவே சந்தோஷம். நாளையே வண்டியை எடுக்கலாம், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமே என்றார். சாதிக்கும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரவு ஷிப்டு முடிந்தது, பிள்ளை தூங்கும், வேறென்ன வேண்டும். நான்கூட அவள் கையை லேசாகத் தட்டி, "கையெழுத்துப் போட்டுரு கண்ணு" என்றேன்.

அவள் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். நீதிபதியம்மா, திரும்பப் பெறுகிறாயா என்று கேட்டார். மகேஸ்வரி அந்த அதிகாரியைத்தான் பார்த்தாள். குரல் உயரவில்லை. "இன்னைக்கு மெசினு என்னையத் தெரியும்னு சொல்லிப்போடுச்சுங்க, சந்தோசம். அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னப்ப ஆரு முன்னால போயி நிக்கறதுன்னு தெரியாமத்தானுங்க நான் இங்க வந்தது. அதுக்கு ஒரு ஆளச் சொல்லிப்போட்டுப் போங்க."

ஒரு ஆள், ஒரு நம்பர்

அதிகாரி வெளியே போய் வெகுநேரம் போனில் பேசினார். நாடு முழுக்க ஒரு பெண்ணுக்காக முறையை மாற்ற முடியாது என்றார் திரும்பி வந்து. நாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை என்றார் நீதிபதியம்மா. இந்த மாவட்டத்துக்கு ஓர் ஆள், ஒரு நம்பர். கடைசியில் எழுதப்பட்டது இவ்வளவுதான்: முகம் பொருந்தவில்லை என்று இயந்திரம் சொன்னால், கணக்கை முடக்குமுன் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த ஆளைப் பார்த்துப் பேச வேண்டும், அதுவரை வேலை நிற்கக் கூடாது. மகேஸ்வரி கையெழுத்திட்டாள். இது அவள் ஒருத்திக்கு மட்டுமே செல்லும் என்று கம்பெனி ஒரு வரி சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒருத்திக்காக ஓர் ஆளை உட்கார வைத்தால், அந்த நாற்காலியின் நம்பர் ஊருக்குத் தெரியாமலா போகும்?

தைப்பூசம் முடிந்த வாரம் மகேஸ்வரி சாப்பாட்டுப் பையோடு மேசைக்கு வந்தாள். எங்கள் அலுவலகத்துக்கு யாரோ சொல்லியிருந்த தக்காளி சாதம். உக்கடத்துப் பையன் ஒருவன் பழனிக்குப் பாதயாத்திரை போய் மொட்டையோடு வந்திருக்கிறான், கைப்பேசி அவனைத் தெரியாது என்றிருக்கிறது. இவள் கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறான். பாட்டு ஓடவில்லையாம். எடுத்தது ஒரு பெண், நம்மூர்ப் பேச்சு; வீடியோவில் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது மகேஸ்வரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்தப் பொண்ணு மொதல்ல கேட்டது என்ன தெரியுங்களாம்மா? பழனீங்களா, திருப்பதீங்களான்னு."

ஒரு மனுஷியின் முகத்தை இன்னொரு மனுஷி பார்த்துச் சொல்வதற்கு ஒரு நோட்டீசு, ஒரு நீதிபதி, பெங்களூரிலிருந்து ஒரு ரயில் பயணம் இத்தனையும் தேவைப்பட்டது என்றாலும், அரசாங்கம் செய்கிற செலவுகளில் இது மலிவுதான் என்று இந்த மேசையில் இருந்துகொண்டு தைரியமாகச் சொல்வேன்.