கேட்டு எடுத்த நிலம்

டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் புல்லும் முள்ளுமாகச் சும்மா கிடந்தது. வீடு வாங்கிய புதிதிலேயே என் கணவரின் கண் அதில் விழுந்துவிட்டது. முள்ளை வெட்டி, கல் பொறுக்கி, உருளைக்கிழங்கும் பூசணியும் போட்டார். பிறகு ஒரு கண்ணாடிக் குடில் கட்டி அதற்குள் மிளகாய், கத்தரி. தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கேதான். நான் அதை அவருடைய சின்னவீடு என்பேன்.

போன வருடம் ரயில் நிறுவனத்தின் ஆட்கள் வந்து பூசணிப் பாத்தியில் அடையாளக் கட்டை அடித்தார்கள். மின்கம்பம் நடப் போகிறார்களாம், நிலம் தங்களுடையதாம், எல்லாவற்றையும் அகற்ற வேண்டுமாம். அன்றைக்குக் கணவருக்குச் சோறு இறங்கவில்லை.

வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். இளம்பெண். அடுத்தவர் நிலத்தை இருபது வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, தன்னுடையதுபோல் பாவித்தால் அது பாவித்தவருக்கே சொந்தமாகிவிடும் என்றார். டேனிஷ் சட்டத்தில் அதற்கு ‘ஹெவ்’ என்று பெயர். நாங்கள் இருபதை எப்போதோ தாண்டிவிட்டோம். வழக்கை வென்றுவிட்டதாகவே நினைத்து, தந்த கோப்பியை ரசித்துக் குடித்தேன்.

“ரயில்காரர்கள் எப்போதாவது ஏதாவது சொன்னார்களா?” என்று அவர் கேட்டார்.

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பா பக்கத்து வளவுக்காரரோடு வேலிச் சண்டை பிடித்தே காலத்தைக் கழித்தவர். அந்த வெட்கம் இவருக்கு. அதனால் மண்வெட்டியைத் தொடும் முன்பே, பாதையைப் பார்க்க வந்த ரயில் மேற்பார்வையாளரிடம் தோட்டம் செய்யலாமா என்று கேட்டாராம். தாராளமாகச் செய் என்றாராம் அவர். பிறகு அவர் வரும்போதெல்லாம் ரோல்ஸ் கொடுத்தாராம். நான் பொரித்த ரோல்ஸ்! இதைப் பெருமையாக வேறு சொன்னார்.

வழக்கறிஞர் பேனாவை வைத்துவிட்டார். அனுமதி பெற்றுப் பாவித்தால் அந்த உரிமை வராதாம். கேட்காமல் பிடித்திருந்தால் நிலம் எங்களுடையது.

“எழுதித் தந்தாரா?”

“இல்லை. அவர் இறந்தும் போனார்,” என்றார் கணவர்.

“அப்படியென்றால் இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். சம்மதம் என்றுதான் சொன்னாரா?”

நான் மேசைக்குக் கீழே கணவருடைய காலை மிதித்துத் தமிழில் சொன்னேன்: “இல்லையெண்டு சொல்லுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?”

“விசர்க்கதை கதையாதை. அந்த மனுசன் மனசறிஞ்சு தந்தவர். ஆள் செத்திட்டார் எண்டதுக்காகத் தரேல்லை எண்டு சொல்லச் சொல்லுறியோ?”

பிறகு வழக்கறிஞரைப் பார்த்து டேனிஷில், “ஆம், சொன்னார்,” என்றார்.

கண்ணாடிக் குடிலை அவரே கழற்றினார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கதையைக் கேட்டு யாராவது, “உங்கட மனுசன் ஒரு பேயன்” என்று சிரித்தால், அவர்களுக்கு எங்கள் வீட்டில் தேநீர் கிடையாது.