பின்னால் நிற்பவரின் குரல்

"இந்தத் தடவை சினிமாப் பாட்டு போடப்படாது, அஃப்சர். ஒரு எடத்துலகூடப் போடப்படாது."

ஜலஜா மாமி இதைச் சொல்லிவிட்டுக் காபி டம்ளரை அஃப்சருன்னிசாவின் பக்கம் நகர்த்தினாள். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒட்டிய அந்த வீட்டின் மூத்த பெண் கல்யாணத்தை வீடியோ எடுத்தவர் அஃப்சருன்னிசாவின் கணவர் மெஹபூப் அலி. அன்று கேமரா அவர் தோளில் இருந்தது. பக்கத்தில் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவள் நின்றாள். இப்போது இளையவள் மாளவிகாவுக்குக் கல்யாணம். மெஹபூப் அலி போன ரம்ஜானுக்கு அப்புறம் ஒரு விடியற்காலையில், முகம் கழுவப் போனவர், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

"எங்க அக்கா ஹம்சா போன தடவை நலங்குல அங்கேயே உக்காந்து கட்டிப் பாடினா. மாப்பிள்ளையைக் கேலி, சம்பந்தியைக் கேலி. எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. அப்புறம் கேசட்டைப் போட்டுப் பாத்தா, அக்கா வாய் அசையறது, டூயட் பாட்டு கேக்கறது. அக்கா முழுசும் பாக்கலை. எழுந்து உள்ள போயிட்டா."

"தப்புதான் மாமி. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"உங்காத்துக்காரரை நான் குத்தம் சொல்லலை. அவர் நல்ல மனுஷன். ஆனா எனக்கு அவ குரல் வேணும். உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

முடியும் என்று அஃப்சருன்னிசா சொன்னாள். வெளியே வந்து குளக்கரைச் சுவரோரமாக நடக்கும்போதுதான் எப்படி முடியும் என்று யோசித்தாள்.

திருவல்லிக்கேணியில், ஜாம்பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் அவர்கள் வீடு. தி.நகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்த மெஹபூப் அலி, துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் அந்தப் பெரிய கேமராவை வாங்கியபோது தெருவே வந்து பார்த்தது. ஆனால் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்வில் பெண்கள் பக்கம் அவர் போக முடியாது. படம் வேண்டும், ஆணும் வரக்கூடாது என்றால் என்ன செய்வது? மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். முதலில் கேமராவைத் தரவில்லை. தோளில் அரிசிப் பையை வைத்து, பை ஆடாமல் கூடத்தைச் சுற்றி நடக்கச் சொன்னார். அவள் நடந்தாள். அண்டை வீட்டு ஜைதூன் பீ வாசலில் நின்று, "ரேஷன் கடைக்கு வழி மறந்துபோச்சா?" என்று கேட்டாள். பிறகு பெண்கள் பக்கத்துப் படமெல்லாம் அஃப்சருன்னிசாவுடையதாயிற்று. மற்றக் கல்யாணங்களில் அவர் கேமரா பிடிப்பார், இவள் விளக்கு.

சத்தத்தைப் பற்றி இருவருமே நினைத்ததில்லை. கேமராவோடு வந்த மைக் எல்லாவற்றையும் வாங்கும்: ஜெனரேட்டர், மின்விசிறி, நாயனம், தட்டு விழுவது. அந்த இரைச்சலை யார் கேட்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் இரண்டு வீடியோ டெக்கை இணைத்துப் பிரதி போடும்போதே சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, மேலே பாட்டைச் சேர்ப்பார். பிரதி வாடிக்கையாளருக்குப் போகும். மண்டபத்தில் எடுத்த அசல் கேசட் அலமாரிக்குத் திரும்பும். அடுத்த கல்யாணம் அதன் மேலேயே பதியும். தொழிலில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து அவள் வெளியே வந்த வாரமே மைத்துனன் ஹபீபுர் ரஹ்மான் வந்தான். பெரிய தெருவில் கைக்கடிகாரக் கடை வைத்திருந்தான். கெட்ட மனம் இல்லாதவன். "புதுப்பேட்டையில ஒரு ஸ்டூடியோக்காரர் கேமராவைக் கேக்குறாரு, பாபி. அண்ணன் இருந்தப்ப வேற. ஆம்பளை இல்லாம மண்டபம் மண்டபமா நீங்க அலையறது நல்லா இல்ல. வேலையிலயும் ஒரு குறை வந்துச்சுன்னா அண்ணன் பேரும் போயிடும்."

அவள் கெஞ்சவில்லை. அதற்கப்புறம் பிடித்த சில கல்யாணங்களில் குறை வரத்தான் செய்தது. பாட்டு சேர்க்கும் வேலை அவளுக்கு அவ்வளவாகக் கை வரவில்லை. சேர்க்காமல் கொடுத்த ஒரு கேசட்டில் முழுக்க அவள் குரல்தான்: நகருங்க, இங்கே பாருங்க, லைட்டை மறைக்காதீங்க. அந்த வீட்டார் சிரித்தார்கள். சிரிப்பு ஹபீபின் கடைவரை வந்தது. "மாமி வீட்டுக் கல்யாணம் வரைக்கும் பொறு ஹபீப். அது சரியா வரலைன்னா நானே கொண்டாந்து கொடுத்துடறேன்" என்றாள் அவள்.

ஆக ஹம்சாவின் குரல் கேசட்டில் விழுந்தால் கேமரா அவளிடம் இருக்கும். இல்லாவிட்டால் புதுப்பேட்டைக்குப் போகும்.

ரிச்சி தெருவின் உள்சந்தில் காஷிஃபின் கடை. மெஹபூப் அலி ஒயரும் பேட்டரியும் வாங்கிய இடம். கேமராப் பெட்டியை ஒரு கையிலும், அலமாரியிலிருந்து எடுத்த ஏதோ ஒரு பழைய கேசட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு அவள் போனாள். இப்போதெல்லாம் ஜைதூன் பீதான் விளக்குப் பிடிப்பவள். அவளும் கூட வந்தாள். எதிரே இருப்பவர் குரலை மட்டும் வாங்கும் மைக் வேண்டும் என்றாள் அஃப்சருன்னிசா.

"இன்னா ஆபா, கன் மைக்கா? கீது. மூணு தினுசு கீது."

முதலாவது குட்டையாக, அகலமாக இருந்தது. இரண்டு பக்கமும் வாங்கும் என்றான் காஷிஃப். அவள் வேண்டாம் என்றாள். இரண்டு பக்கச் சத்தமும் இப்போதே இருக்கிறது. இரண்டாவது ஒரு முழ நீளக் குழாய். கேமரா மேல் அதைப் பொருத்தியதும் ஜைதூன் பீ பின்னால் நகர்ந்தாள். "யம்மாடி, சுட்டுடப் போறே!"

"சினிமாக்காரங்க வெச்சுக்கறது" என்றான் காஷிஃப். "தூரத்துலேர்ந்தே வாங்கும்."

அவள் தோளில் வைத்துப் பார்த்தாள். மூக்குப் பக்கம் பாரம் இழுத்தது. அகலமாகப் படம் பிடித்தால் குழாயின் நுனி படத்துக்குள் வந்தது. பெண்கள் நெருக்கியடித்து உட்காரும் இடத்தில் யாராவது திரும்பினால் புடவைத் தலைப்பு மாட்டும், இல்லை கொண்டை.

"எவ்வளவு தூரத்துலேர்ந்து?"

காஷிஃப் தலையைச் சொறிந்தான். "நெசத்தைச் சொல்லணும்னா, ஆபா, ஜூம் பண்ணா படம்தான் கிட்ட வரும், சத்தம் வராது. எந்த மைக்கா இருந்தாலும் நீ கிட்டப் போய்த்தான் ஆவணும்."

மூன்றாவது ஒரு சாண்தான் இருந்தது. விரல் பருமன், மேலே கறுப்புப் பஞ்சு உறை, அடியில் ரப்பர் வளையம். கேமரா மேலிருந்த பள்ளத்தில் அப்படியே நுழைந்தது. கேமராவின் மோட்டார் முனகலை அந்த ரப்பர் உள்ளே விடாது என்றான் அவன்.

"பின்னாடி இருக்கறவங்க பேசினா கேக்குமா?"

"கேக்காது. அதுக்குத்தானே இத்தப் பண்ணான்."

கொண்டுவந்த கேசட்டைப் போட்டுப் பதிந்து பார்த்தாள். காஷிஃப் எதிரே நின்று கடையில் உள்ள சாமான்களின் பெயர்களை ஒப்பித்தான். அவளுக்குப் பின்னால் ஜைதூன் பீ வேண்டுமென்றே தக்காளி விலையைப் பற்றிக் கத்தினாள். பிறகு கடைத் தொலைக்காட்சியில் ஓட்டினார்கள். காஷிஃப் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் வந்தது. ஜைதூன் பீ எங்கோ அடுத்த சந்தில் முணுமுணுத்தாள்.

"அடப்பாவி, அந்தக் கத்து கத்தினேன், என்னை ஆளே இல்லாம பண்ணிட்டானே!"

மூவரும் சிரித்தார்கள். கேசட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பதிந்தது முடிந்து, திரையில் புள்ளிகள் பறந்து, அதற்கு அடியில் இருந்த பழைய கல்யாணம் வந்தது. எந்த வீட்டுக் கல்யாணமோ. பந்தியில் யாரோ பாயசம் பரிமாறுகிறார்கள். ஜெனரேட்டர் இரைகிறது. அதற்கும் மேலே, கேமராவின் காதோடு பேசுவதுபோல், ஓர் ஆண் குரல்.

"அஃப்சர், ஜரா ஊப்பர்... ஊப்பர். பஸ்." படத்தில் வெளிச்சம் மேலே ஏறி நின்றது. "கை வலிக்குதா? இது ஒண்ணு முடிச்சுட்டு உக்காரு."

மெஹபூப் அலியின் குரல். அன்று விளக்கு அஃப்சருன்னிசாவின் கையில் இருந்தது. மேலே தூக்கச் சொன்னவர் அவர். ஜைதூன் பீ முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"நிறுத்து காஷிஃப்" என்றாள் அஃப்சருன்னிசா. "மேல ஓட்டாதே."

அவர் எந்தக் கேசட்டிலும் முகம் காட்டியதில்லை. குரலும் இல்லை என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். பாட்டு சேர்த்த பிரதிகளைத்தானே எல்லோரும் பார்த்தார்கள். அசலை யார் சத்தம் வைத்துக் கேட்டார்கள்? எல்லா அசலிலும் அவர் இருந்திருக்கிறார். அவர் போன பிறகு அவள் எடுத்த ஒவ்வொரு கல்யாணத்தையும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கேசட்டுகளை வரிசையாக எடுத்து, அவர் மேலேயே பதிந்திருக்கிறாள். இன்றைக்கும், இதோ, காஷிஃப் ஒப்பித்த சாமான்களுக்கு அடியில் கொஞ்சம் போயிற்று.

"இந்த மைக் அப்பவே இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

காஷிஃபுக்குப் புரிந்தது. அவன் தரையைப் பார்த்தான். "ஒரு வார்த்தைகூட விழுந்திருக்காது, ஆபா."

அவள் மைக்கைக் கையில் உருட்டிப் பார்த்தாள். பிறகு பெட்டியில் போட்டுத் தரச் சொன்னாள். கூடவே புதுக் கேசட்டுகளும் கேட்டாள்.

நலங்கு பிற்பகலில், மண்டபத்தின் மாடி அறையில் நடந்தது. பாயில் மாளவிகாவும் மாப்பிள்ளை சாய்சரணும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பட்டுப்புடவைகள். தேங்காய் உருட்டியாயிற்று. பாடச் சொன்னபோது ஹம்சா தலையை அசைத்தாள். ஆதம்பாக்கத்திலிருந்து வந்திருந்த அவளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நெட்டை உடம்பு, சிரிக்காத முகம்.

"எதுக்கு? மேல டூயட் போடறதுக்கா? நான் வாயை அசைச்சா போறுமே."

பெண்கள் சிரித்தார்கள். ஜலஜா மாமி அஃப்சருன்னிசாவைப் பார்த்தாள். அஃப்சருன்னிசா ஹம்சாவின் பக்கத்தில் போனாள். தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி ஹம்சாவின் காதில் வைத்துவிட்டு, கேமராவை மாளவிகாவின் பக்கம் திருப்பினாள்.

"பெரியம்மா, பாடேன். சாய்க்கு வீட்டுல எல்லாரும் ரொம்ப இடம் கொடுத்துட்டா" என்றாள் மாளவிகா மெதுவாக.

ஹம்சா நிமிர்ந்தாள். ஹெட்போனைக் கையால் அழுத்திக்கொண்டாள். "இவ மூச்சு விடறதுகூடக் கேக்கறதே!"

"விசிறியை மட்டும் நிறுத்தணும், மாமி" என்றாள் அஃப்சருன்னிசா.

வெந்து சாகணுமா என்று சம்பந்திக் கூட்டம் முறையிட்டது. ஜலஜா மாமி தானே எழுந்து போய் நிறுத்தினாள்.

ஹம்சா ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடினாள். "ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமாம், சுக்குக் கஷாயம் போடத் தெரியுமாம், சொன்ன வேளைக்கு வீடு திரும்ப மட்டும் தெரியாதாம்." சாய்சரண் முகம் சிவந்தது. அஃப்சருன்னிசா முழங்காலாலேயே பாயில் நகர்ந்து, இரண்டு புடவைகளுக்கு நடுவில் நுழைந்து, ஹம்சாவுக்கு மூன்றடி தூரத்தில் போய் நின்றாள். ஹம்சா மூச்சை இழுப்பது, வரி கிடைக்காமல் ஒரு கணம் தயங்குவது, கிடைத்ததும் தொடையில் தட்டுவது எல்லாம் காதில் விழுந்தன. மாப்பிள்ளை தலையில் உடைத்த அப்பளம் சுள்ளி முறிவதுபோல் கேட்டது. பின்னால் ஜைதூன் பீ ஏதோ சொன்னாள். திரும்பாமல், "கொஞ்சம் மேலே" என்றாள் அஃப்சருன்னிசா. வெளிச்சம் ஏறியது.

கேசட் மயிலாப்பூருக்குப் போன மறுநாள் ஜலஜா மாமி அஃப்சருன்னிசா வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா மூணு தடவை போட்டுக் கேட்டா. சரணத்துல ஒரு எடம் சறுக்கிடுத்துன்னு திட்டிண்டே கேட்டா. என் நாத்தனார் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம். நீதான்."

ஹபீப் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தான். கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை. நலங்கை ஓட்டிக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"உங்க குரலே இல்லையே, பாபி."

"இருக்கக் கூடாது. அதான் வேலை."

கொஞ்ச நேரம் கழித்து, அவள் ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோன கேசட்டைப் போட்டாள். காஷிஃப் ஒப்பிப்பதைத் தாண்டி விட்டாள். ஜரா ஊப்பர். கை வலிக்குதா.  பந்தி முடிந்து, நீலத் திரை வந்த பிறகும் ஹபீப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இருக்கா?"

அவள் அலமாரியைக் காட்டினாள். மேல்தட்டுக் கேசட்டுகள் எல்லாவற்றிலும் அவள் எடுத்த கல்யாணங்கள். கீழ்த்தட்டில், சுவரோரமாக, அவள் தொடாத சில கேசட்டுகள் மட்டும் சாய்ந்து நின்றன. அவை எந்த வீட்டுக் கல்யாணம் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் எதுவும் பதியாது. ஹபீப் சட்டைப்பையிலிருந்து கடிகாரம் திறக்கும் மெல்லிய திருப்புளியை எடுத்து நீட்டினான். அஃப்சருன்னிசா தரையில் உட்கார்ந்து, கேசட்டை ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தகட்டை நெம்பி உடைத்தாள். உடைந்த துண்டுகளை முந்தானையில் சேர்த்தாள். கன் மைக் அதன் பெட்டிக்குள், மேஜை மேல், மூடியபடி இருந்தது.