கிளிஃபர்டுக்கு வந்த கடிதம்

யார்க்ஷயரில் எங்கள் ஊர் ரயில் பாதைக்குப் பின்னால், கவுன்சில் குத்தகைக்கு விட்ட நாற்பத்திரண்டு தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. அவற்றைச் சோதிப்பவர் கிளிஃபர்ட் ஆம்ராய்ட், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். பதினேழு வருடமாக ஜூலை முதல் ஞாயிறு தவறாமல் நோட்டும் கையுமாக வருவார். முக்கால் பங்கு நிலத்தில் பயிர் இல்லையென்றால் கடிதம் வரும். இருபத்தெட்டு நாளில் சரி செய்யாவிட்டால், நிலம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. பக்கத்துத் துண்டுக்காரி என்ற இரக்கமெல்லாம் கிடையாது.

இந்த வருடம் அவருடைய துண்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. போன வருடம் இடுப்பு வலியில் குனிய முடியாமல் புதினாவை வெறும் மண்ணில் நட்டுவிட்டார். வேர் பரவாமலிருக்க, அடி உடைந்த வாளியைப் புதைத்து அதற்குள் நட வேண்டும் என்று எல்லோரையும் திட்டித் தீர்த்த மனிதர் அவர்தான். வேர் மண்ணுக்கடியில் ஓடி, வெங்காயப் பாத்தியைத் தின்று, பாதித் துண்டைப் பிடித்துக்கொண்டது.

சோதனை நாளில் தன் துண்டையும் டேப் வைத்து அளந்தார். மறுநாள் தனக்கே கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போட்டார். இது எனக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது.

"ஏன்யா, உனக்கு நீயே லெட்டர் போட்டுக்கிட்டியாமே?" என்றேன்.

"பின்ன வேற யாரு போடுவா, பெரில்?"

"புதினாவும் பயிர்தானே. அதையும் சேத்து எண்ணு, முக்கால் பங்கு தாண்டிரும்."

"ஆறு வருஷத்துக்கு முன்னால ஐரீனும் இதையேதான் சொன்னா. தானா பரவுனது பயிர் இல்லேன்னு எழுதி அனுப்புனேன். அவ துண்டு போயிருச்சு."

"சரி, நானும் நாலு பேரும் வந்து ஒரே நாள்ல புடுங்கிப் போடறோம்."

"அடுத்த மாசம் மறுபடி முளைக்கும். அப்பவும் வருவியா? வாயப் பொத்திக்கிட்டு உன் பீன்ஸைப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மனிதருக்கு இந்த நிலத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. அதை நினைக்கையில் கஷ்டமாகவும் இருந்தது.

தினமும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தோட்ட முள்கரண்டியால் புதினா வேரைக் கிளறினார். மூன்று வாரத்தில் ஒரு கதவு அகல இடம்தான் சுத்தமானது. இருபத்தேழாம் நாள் என்னைக் கூப்பிட்டார். பாதியை விட்டுக்கொடுத்தால் மீதிப் பாதியை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. கயிற்றின் ஒரு முனையை என்னிடம் தந்து, துண்டின் நடுவே முளை அடித்தார். ஒரு பக்கம் களையே இல்லாத மண், பீட்ரூட், அவரை, வோக்கோசுக் கீரை. மறுபக்கம் முழங்கால் உயரம் புதினா.

"கவலைப்படாத, உன் பாதியில முக்கால் பங்குக்கு மேலயே பயிர் இருக்கு," என்றேன்.

"அது என் பாதி இல்ல," என்றார். "அது புதுசா வர்றவங்களுக்கு."

"புதினாவ வச்சுக்கிட்டா நாளைக்கே உன் துண்டு போயிரும், பைத்தியக்காரா."

"தெரியும். ஏழு வருஷமா பட்டியல்ல நின்னுட்டு வர்றவங்க கையில இதையா குடுக்கச் சொல்ற?"

மறுநாள் நோட்டோடு வந்து தன் புதினாப் பாதியை அளந்தார். பயிர் இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தன் துண்டில் இருந்த கொட்டகையின் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார்.